ஆறிய சோறும் உப்பு இலையும்

அன்புள்ள சார்,

உங்கள் ஜப்பான் பயணக் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறேன். எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். கணவரின் வேலைக்காக இரண்டு வருடமாக தோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. அவள் போகும் மழலையர் பள்ளிக்கு வாரத்தில் மூன்று நாள் பென்டோ, அதாவது சாப்பாட்டுப் பெட்டி, கட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற குழந்தைகளின் பெட்டியில் சோறு கரடியாக உட்கார்ந்திருக்கிறது, முட்டைக்குக் கண் மூக்கு இருக்கிறது. என் மகளின் பெட்டியில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். பாதி திரும்பி வந்துவிடுகிறது. "பிள்ளை முழுதும் சாப்பிட்டு முடிக்கிற அளவுக்கு வையுங்கள்" என்று டீச்சர் ரொம்பப் பணிவாக ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. இது சாப்பாடா, அம்மாக்களுக்கு வைக்கிற பரீட்சையா? ஊரிலிருந்து மாமியார் வேறு, "பச்சப் பிள்ளைக்கு ஆறிப்போன சோத்தையா குடுக்க?" என்று போனில் கேட்கிறார்.

இன்னும் சில சந்தேகங்கள். பிப்ரவரியில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு நீளமான சுஷி உருளையைக் கொடுத்து, ஒரே திசையைப் பார்த்தபடி, பேசாமல், முழுதாகத் தின்னச் சொன்னார். இதெல்லாம் ஆயிரம் வருட மரபா? சகுராமோச்சி என்ற அரிசி இனிப்பைச் சுற்றியிருக்கும் இலையைத் தின்னலாமா, கூடாதா? கடைசியாக, இங்கே எந்த சூப்பைக் குடித்தாலும் எங்கள் ஊர் மாசிக் கருவாட்டு வாசனை அடிக்கிறது. என் மூக்கில் கோளாறா?

வி., சைத்தாமா

*

அன்புள்ள வி.,

மூக்கில் கோளாறு இல்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்தால் மாசி. ஜப்பான்காரர்களும் அதே சூரை இனத்து மீனைத்தான் வேகவைத்து, முள் நீக்கி, திரும்பத் திரும்பப் புகை போட்டுக் காயவைக்கிறார்கள். உயர்ந்த ரகம் என்றால் அதன்மேல் பூஞ்சையும் வளரவிட்டு மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். அதுதான் கட்சுவோபுஷி. நாம் மாசியை இடித்துப் போடுகிறோம். அவர்கள் தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துவைத்தது போன்ற ஒரு பெட்டியில் தேய்த்துச் சீவுகிறார்கள். அந்தச் சீவலையும் கொம்பு என்ற கடல்பாசியையும் போட்டு எடுக்கிற நீருக்குத் தாஷி என்று பெயர். மிஸோ சூப், நூடுல்ஸ், சுருட்டிய முட்டை எல்லாவற்றுக்கும் அடியில் அது இருக்கிறது. கொம்புவின் ருசி எதனால் என்று ஆராய்ந்துதான் இகெதா கிகுனாயே 1908இல் அந்தத் தனிச் சுவைக்கு உமாமி என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 1913இல் அவருடைய மாணவர் ஒருவர் கட்சுவோபுஷியின் ருசிக்கும் காரணம் கண்டுபிடித்தார். உங்கள் பாட்டி மாசிச் சம்பல் அரைத்தபோது கண்டதும் அதையேதான், பெயர் மட்டும் வைக்கவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம்.

முதலில் மாமியாரின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பென்டோ என்பது சூடாகச் செய்து, ஆறிப்போய், வேறு வழியில்லாமல் தின்கிற சாப்பாடு அல்ல. ஆறித்தான் தின்னப்போகிறோம் என்று தெரிந்தே செய்கிற சாப்பாடு. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. ஆறினால் நாக்குக்கு ருசி மட்டுப்படும், அதனால் உப்பும் இனிப்பும் ஒரு பிடி கூட இருக்கும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி கோத்துச் சொட்டி, சோறு ஊசிப்போகும். அதனால் அதிகாலையிலேயே செய்து, ஆறவிட்டு, பிறகே மூடுவார்கள். குழம்பு, சாறு கூடாது. கீரையைக்கூடப் பிழிந்து வைப்பார்கள். பெட்டி இறுக்கமாக நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை ஓடும்போது எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். பதார்த்தங்களுக்கு நடுவே நிற்கிற அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் புல்லைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அங்கே நிஜ இலை இருந்தது. ஒன்றின் வாசம் இன்னொன்றில் ஏறாமலும், சாப்பாடு சீக்கிரம் கெடாமலும் காத்தது அது.

அரிசியும் முக்கியம். நீங்கள் எலுமிச்சை சாதத்தை எந்த அரிசியில் கிளறுகிறீர்கள்? இந்தியக் கடையில் வாங்கிய பொன்னி, சோனா மசூரி என்றால், பாதி திரும்பி வருவதற்கு உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வேண்டாம். நம் அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம். சூட்டில் பொலபொலவென்று இருக்கும், ஆறினால் விறைத்துப்போகும். ஜப்பானிய அரிசியில் அது குறைவு. மதியம் வரையிலும் மெதுவாக, ஒட்டிக்கொண்டு இருக்கும். அந்த அரிசியில் எலுமிச்சை பிழிந்து உருண்டையாகப் பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். பார்ப்பவர்கள் ஒனிகிரி என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். மாமியாரிடம், யாத்திரைக்குக் கட்டிக்கொண்டு போன புளியோதரையை யாராவது சூடுபண்ணித் தின்றார்களா என்று மட்டும் கேளுங்கள். புளி செய்த வேலையை அங்கே உமெபோஷி செய்கிறது. உமே என்ற ப்ளம் போன்ற பழத்தை உப்பில் ஊறப்போட்டு, நம் ஆடி மாதக் கணக்கில் வருகிற கோடை வெயிலில் மூன்று நாள் காயவைத்த ஊறுகாய். நான் முதன்முதலில் அதை ஏதோ இனிப்புப் பழம் என்று நினைத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன். எதிரே இருந்தவர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள்.

வெள்ளைச் சோற்றின் நடுவில் ஒரே ஒரு உமெபோஷி வைத்தால் ஜப்பான் கொடி. ஹினோமாரு பென்டோ என்று அதற்குப் பெயர். 1930களின் கடைசியில் சீனாவோடு போர் நடந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் இதைக் கொண்டுவருவதைத் தேசபக்தி ஆக்கினார்கள். அந்தக் காலத்து அலுமினியப் பெட்டிகளில் உமெபோஷியின் புளிப்பு மூடியை அரித்து ஓட்டை போட்டுவிடும். உங்கள் 'பரீட்சை'க்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் வீட்டையே திறந்துகாட்டிய மாதிரிதான், அன்றைக்கும் இன்றைக்கும். அன்று மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு தின்றார்கள் பிள்ளைகள். இன்று கரடி.

இன்னொரு கதையும் உண்டு. யாமகாத்தா மாநிலத்தின் த்சுருவோகாவில், ஒரு கோயில் வளாகத்தில் நடந்த பள்ளியில், 1889இல் சோறு கொண்டுவர முடியாத பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஜப்பானின் பள்ளிச் சாப்பாடு அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். போருக்குப் பிறகு, 1954இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. நம்மூர் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் மகள் அரசு ஆரம்பப் பள்ளியில் சேர்ந்ததும் அநேகமாக உங்களுக்கும் விடுதலைதான். பிள்ளைகளே வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டு பரிமாறுவார்கள், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு.

அதுவரை? கரடி வேண்டாம் என்பது என் கட்சி. கார்ட்டூன் பென்டோவைப் பழைய மரபு என்று நினைத்துப் பயப்படாதீர்கள். அது நேற்று முளைத்தது. காமிராவுக்காகவே கட்டுகிற பெட்டிகளும் அதில் நிறைய. டீச்சரின் சீட்டிலும் குத்தல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அங்கே 300 மில்லி கொள்ளளவுள்ள பெட்டி போதும் என்பார்கள். நாம் கட்டினால் லிட்டர் கணக்கு. காலிப் பெட்டியை மூடி "முடிச்சிட்டேன்" என்று பிள்ளை சொல்ல வேண்டும், டீச்சர் கேட்பது அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஊர்ப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பருவத்தில் ஒரு துளி. ஒன்றே ஒன்று. வசந்தத்தில் கேரட்டைப் பூவிதழாக வெட்டி வைக்கிறார்கள். மே மாதம் சோற்றில் பச்சைப் பட்டாணி. அக்டோபரில் கஷ்கொட்டை. அவர்கள் பருவத்தையே மூன்றாகப் பிரிக்கிறார்கள்: முதல் வரத்துக்கு ஹஷிரி, நடுப்பருவத்துக்கு ஷுன், முடியப்போகிற காலத்துக்கு நகோரி. இந்த நகோரி என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விடைபெற்றுப் போனவர்கள் விட்டுப்போகிற ஏக்கத்துக்கும் அதே சொல்தான். ஹஷிரி மோகம் பழைய எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், பைத்தியமாகவே இருந்திருக்கிறது. பெண்டாட்டியை அடகு வைத்தாவது முதல் கட்சுவோவைத் தின்ன வேண்டும் என்று ஒரு சொலவடை. ஆமாம், உங்கள் ஊர்ச் சூரைதான். அடகு போனவர் என்ன சொன்னார் என்று சொலவடையில் இல்லை. கோடைத் தொடக்கத்தில் வடக்கே போகிற மீன் அது. இலையுதிர்காலத்தில் கொழுப்பேறித் திரும்பி வரும். திரும்பி வருவதுதான் ருசி என்பேன்.

பிப்ரவரி உருளைக்கு வருகிறேன். அதன் பெயர் எஹோமாகி, அந்த வருடத்தின் நல்ல திசையைப் பார்த்துத் தின்கிற உருளை. சூலம் பார்த்துப் பயணம் போகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஒசாகா பக்கத்தில் இருந்த வழக்கம். 1989இல் ஹிரோஷிமாவின் செவன் லெவன் கடைகளில் விற்கத் தொடங்கி, 1998இல் நாடு முழுக்கப் போனது. அதாவது உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சின்ன வயதில் இதைப் பார்த்தே இருக்க மாட்டார், அவர் ஒசாகாக்காரராக இல்லாவிட்டால். விற்காமல் குப்பைக்குப் போன உருளைகள் பெரிய சர்ச்சையாகி, 2019இல் வேளாண் அமைச்சகமே தேவைக்கு ஏற்ப விற்கும்படி கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அதே நாளில் வறுத்த சோயாவை வீசி "பேயே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா" என்று கத்துவது மட்டும் பல நூற்றாண்டுப் பழக்கம். இரண்டும் ஒரே சாயங்காலம், ஒரே வீட்டில். எது பழசு, எது புதுசு என்று தின்கிறவர்கள் கவலைப்படுவதில்லை. மகள் கையில் கொஞ்சம் சோயாவைக் கொடுத்து வீசச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

பெட்டியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிட்டேன். ஆறிய சோறு என்ற விதிக்கு விலக்கும் உண்டு. கும்மா மாநிலத்தில் யோக்கோகாவா என்று ஒரு ஸ்டேஷன். உசுயி கணவாயின் ஏற்றத்துக்காக அங்கே ரயிலில் கூடுதல் எஞ்சின் மாட்டுவார்கள், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் விற்பதற்காக 1958இல் ஒரு கடைக்காரர் மண்பானையில் சுடச்சுடச் சோறு போட்டுக் கொடுத்தார். 1997இல் புல்லட் ரயில் வந்து, கணவாய்ப் பாதையை மூடிவிட்டார்கள். ஆனால் பானைச் சோறு இன்றும் கிடைக்கிறது. நான் காலிப் பானையைச் சென்னை வரை சுமந்து வந்தேன். நல்ல கனம், விமான நிலையத்தில் பெட்டியின் எடை கூடிவிட்டது. இப்போது வீட்டில் அதில்தான் தயிர் உறைகிறது. குடும்பத்தோடு போய்வாருங்கள், சைத்தாமாவிலிருந்து தூரமில்லை.

கடைசியாக இலை. சகுராமோச்சியின் இலையைத் தாராளமாகத் தின்னலாம். உப்பில் ஊறிய செர்ரி இலை அது. அந்த வாசம் பச்சை இலையில் இருக்காது, ஊறும்போதுதான் வரும். உள்ளே இருக்கும் இனிப்புக்கு அந்த உப்பு தேவை. உரித்துப் போடுகிறவர்களும் உண்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மே 5, சிறுவர் தினத்துக்குக் கஷிவாமோச்சி வரும். பார்க்க இதுவும் இலை சுற்றிய மோச்சிதான். புதுத்துளிர் வருகிறவரை பழைய இலை உதிராத ஒருவகை ஓக் மரத்தின் இலை, வம்சம் அறுபடாமல் இருக்க வேண்டும் என்று அதில் சுற்றுகிறார்கள். அதைத் தின்னாதீர்கள். நான் ஐந்து நிமிடம் மென்று பார்த்தேன். செருப்புத் தோல்.

அன்புடன்