பதில்: ஏப்ரலில் பட்டம், ஜூலையில் தலை – தாமஸ் குரோம்வெல்

தன் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு ஏப்ரல் 1540-இல் எசெக்ஸ் பிரபு பட்டம் கொடுத்த இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ஜூலையிலேயே ஏன் அவர் தலையை எடுத்தார், கருத்தரங்கில் எப்படி விளக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். குரோம்வெல் ஏற்பாடு செய்து மன்னருக்குப் பிடிக்காமல் போன கிளீவ்ஸ் ஆன் (ஜெர்மன் இளவரசி) திருமணத்தை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அது எதிரிகளுக்குக் கிடைத்த வாய்ப்பு, அவ்வளவுதான். புட்னியில் கொல்லர் மகனாகப் பிறந்தவர் பிரபுவானதைப் பழைய குடும்பங்கள் பொறுக்கவில்லை. அந்த எதிரிகளில் ஒருவரான நார்ஃபோக் பிரபுவைக் கவனியுங்கள்: மன்னர் மயங்கிய கேத்தரின் ஹோவர்ட் அவருடைய தம்பி மகள்! ஜூன் 10-இல் குரோம்வெல் கைது. அப்புறம் விசாரணையே கிடையாது, நாடாளுமன்றமே சட்டம் போட்டு ஒருவரைக் குற்றவாளி என்று அறிவிக்கும் தண்டனைச் சட்டம்தான். அதே ஆயுதத்தைக் குரோம்வெல்லே பிறர்மேல் வீசியிருந்தார். உங்கள் கட்டுரைக்கு இதுவே நல்ல தொடக்கம். ஜூலை 28-இல் அவர் தலை விழுந்தது. அன்றே மன்னருக்குக் கேத்தரினோடு கல்யாணம்.