போட்டிக்கு அனுப்பிய புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரத்தை வெட்டி, ஓரத்தில் தெரிந்த ஒருவரின் காலையும் அழித்திருந்தேன். அந்தக் காலை அழித்ததால்தான் படத்தை நிராகரித்தார்களா?

ஆம், அந்தக் காலை அழித்ததுதான் காரணமாக இருக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் ஓரத்தை வெட்டியதும் அல்ல. ரா கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தப்படாத மூலக் கோப்பை, கேட்டு வாங்கிய பிறகு படத்தைத் தள்ளினார்கள் என்றால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

2010-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இதேதான் நடந்தது. உக்ரைனின் கீவ் நகரத் தெருச்சண்டைகளைப் படமெடுத்த ஸ்டெபான் ருடிக், துணி சுற்றப்படும் ஒரு கையின் படத்தைப் பெருமளவு வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பியிருந்தார். அதற்கெல்லாம் தடையில்லை. ஆனால் பின்னால் துளியூண்டு தெரிந்த ஒருவரின் காலையும் அழித்திருந்தார். பரிசே பறிபோனது. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு இதில் முழு உடன்பாடு. இன்று கால் ஒன்றை அழிக்கலாம் என்றால், நாளை ஆளையே அழிக்கலாம்.

அடுத்த முறை அனுப்பும் முன்:

1. ரா கோப்பையும் இறுதிப் படத்தையும் 100% அளவில் திறந்து, மூலை மூலையாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இருக்கும் பொருள் மற்றதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

2. இருட்டாக்கிய பின்னணியையும் பாருங்கள். அங்கிருந்த ஆளோ சுவரோ முழுக்கக் கறுப்பில் மறைந்திருந்தால், அதையும் அழித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கால் ஓரத்தில்தானே இருக்கிறது? அழிக்காமல் ஓரத்தை வெட்டிவிடுங்கள், வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் அது செல்லும். கேமரா சென்சாரில் ஒட்டிய தூசியால் படத்தில் விழும் புள்ளிகளை நீக்குவதற்கும் அங்கே அனுமதி உண்டு. ஆனால் எல்லாப் போட்டிக்கும் ஒரே விதி கிடையாது. நீங்கள் அனுப்பும் இடத்தின் விதியை வாசித்த பிறகே கை வையுங்கள்.