வெறுத்துப்போன ஓட்டு எங்கே போகும்?

அன்புள்ள சார்,

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு பையர், எங்களிடம் ஷூ வாங்குகிறவர், வந்திருந்தார். பிர்மாசென்ஸ் என்ற ஊர்க்காரர். ஒரு காலத்தில் ஜெர்மனியின் ஷூ தொழிலுக்கு அந்த ஊர்தான் தலைநகரமாம். அவருடைய அப்பா ஷூ தொழிலாளி, கடைசிவரை சமூக ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டவர். மகன் ஏ.எஃப்.டி என்ற புதுக் கட்சிக்குப் போடுகிறார். "பழைய கட்சிகள் எல்லாம் ஒன்றுதான், எல்லாரும் திருடர்கள்" என்றார். நம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

எனக்கும் அரசியல் வெறுத்துவிட்டது. 2019-இல் பணம் பிடிபட்டு எங்கள் வேலூர்த் தொகுதித் தேர்தலையே ரத்து செய்தார்கள். நாலு மாதம் கழித்து அதே ஆட்கள், அதே சின்னங்கள். தோல் ஆலைக் கழிவால் பாலாறு பாழாகிக் கிடக்கிறது. வடக்கத்திப் பையன்கள் குறைந்த கூலிக்கு வந்து லைனில் நிற்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. நான் நோட்டாதான் போடுகிறேன்.

ஏ.எஃப்.டி போன்ற கட்சிகளைத் தீவிர வலதுசாரி என்று முத்திரை குத்துவது, கேள்வி கேட்பவன் வாயை அடைக்கும் வேலை இல்லையா? யாராவது உடைத்தால்தானே எதுவும் மாறும்? அடுத்த முறையும் நான் நோட்டாவே போடலாமா?

பெயர் வேண்டாம், ஆம்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2013-இல் ஏ.எஃப்.டி (ஜெர்மனிக்கான மாற்று) தொடங்கியபோது அது பொருளாதாரப் பேராசிரியர்களின் கட்சி. கிரேக்கம் போன்ற நாடுகளின் கடனை ஜெர்மானியர் ஏன் சுமக்க வேண்டும், யூரோ நாணயம் நமக்கு எதற்கு என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். 2015-இல் அந்தப் பேராசிரியர்களின் தலைவர் பேர்ன்ட் லுக்கெயைக் கட்சியே ஓரங்கட்டியது, அவர் வெளியேறினார். அதே ஆண்டு எட்டு ஒன்பது லட்சம் அகதிகள் ஜெர்மனிக்குள் வந்தார்கள். அதற்குப் பிறகு கட்சிக்கு அகதிகளும் இஸ்லாமியர்களும்தான் பேச்சு. துரிங்கியா மாநிலக் கிளையை அம்மாநிலத்தின் அரசமைப்புப் பாதுகாப்புத் துறை (அரசியல் சட்டத்துக்கு எதிரானவர்களைக் கண்காணிக்கும் உளவுத் துறை) 2021-இல் வலதுசாரித் தீவிரவாத அமைப்பு என்று வகைப்படுத்தியது. 2024 செப்டம்பரில் அந்த மாநிலத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கி முதலிடம் பிடித்ததும் அதே கிளைதான். ஆக, இது கேள்வி கேட்டதற்காகக் குத்திய முத்திரை இல்லை. கேள்விக்கு அவர்கள் தரும் பதிலுக்காகக் குத்தியது.

ஆனால் உங்கள் பையரை நான் திட்டப்போவதில்லை. அவர் அப்பா ஒரு கட்சியில் இருந்து மகன் இன்னொன்றுக்குப் போனதன் நடுவே நடந்தது என்ன என்பதுதான் எனக்கு முக்கியம்.

1970களிலிருந்து மலிவான இறக்குமதி வர வர பிர்மாசென்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. நிலக்கரி ஊர்களிலும் எஃகு ஊர்களிலும் இதே கதை. அந்தத் தொழிலாளிகள் நம்பியிருந்தது சமூக ஜனநாயகக் கட்சியை. அந்தக் கட்சியின் ஷ்ரோடர் சான்சலராக (நம் பிரதமர் மாதிரி) இருந்தபோதுதான், 2005 ஜனவரியில், நீண்ட நாள் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையை மாற்றினார்கள். அதுவரை ஒருவர் வாங்கிய சம்பளத்தைப் பொறுத்து உதவி வரும். புதிய முறையில் முப்பது வருஷம் உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் அடிப்படைத் தொகை ஒன்றே. அதைப் பெறக் கையிருப்பையும் காட்ட வேண்டும். சீர்திருத்தம் வேண்டியிருந்தது என்று வாதாடுகிறவர்கள் உண்டு, அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் உழைப்பாளிக்கு அவன் கட்சியே அதைச் செய்தது மறக்கவில்லை.

அப்புறம் நடந்தது இன்னும் மோசம். 2005 முதல் 2009 வரையும், மீண்டும் 2013 முதல் 2021 வரையும் சமூக ஜனநாயகக் கட்சியும் அதன் பழைய எதிரியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும், ஆக இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்தே ஆட்சி நடத்தின. நம் கணக்கில் சொன்னால் திமுகவும் அதிமுகவும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்த மாதிரி. அப்படி உட்கார்ந்தால் எதிர்த்துப் பேச யார் மிச்சம்? 2017-இல் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குள் வந்த ஏ.எஃப்.டி, வாங்கியது பன்னிரண்டு சொச்சம் சதவீதம்தான். ஆனால் பெரியவர்கள் இருவரும் மறுபடி கை கோத்ததால் அதுவே மிகப் பெரிய எதிர்க்கட்சியாகிவிட்டது. அவையில் முதல் எதிர்க்குரல் அவர்களுடையது, தொலைக்காட்சியிலும் அவர்களுடையது. 2025 பிப்ரவரியில் 20.8 சதவீதம், ஒரு கோடிக்கு மேல் ஓட்டு, இரண்டாம் இடம். காலங்காலமாகச் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த கெல்சன்கிர்ஷன் என்ற சுரங்க ஊரில் கட்சிக்கான ஓட்டில் (அங்கே ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு) ஏ.எஃப்.டிதான் முதலிடம். அந்தத் தேர்தலில் மொத்த வாக்குப்பதிவு 82 சதவீதத்தைத் தாண்டியது, ஜெர்மனி இணைந்த பிறகு அதுதான் அதிகம். அதுவரை வீட்டில் இருந்தவர்களில் பலர் எழுந்து போய்ப் போட்ட ஓட்டு ஏ.எஃப்.டிக்குத்தான்.

வெறுத்துப்போனவன் என்றென்றும் சும்மா இருப்பான் என்று கணக்குப் போட்ட கட்சிகளுக்கு இது பாடம். ஆனால் வெறுத்துப்போனவன் வலதுபக்கம்தான் போவான் என்று எந்த விதியும் கிடையாது. கிரேக்கத்தைப் பாருங்கள். அங்கே பாசோக் என்ற சோஷலிஸ்ட் கட்சி 2009-இல் கிட்டத்தட்ட 44 சதவீதம் வாங்கி ஆட்சிக்கு வந்தது. கடன் நெருக்கடியில் சம்பளத்தையும் பென்ஷனையும் வெட்டியது, பிறகு தன் பரம எதிரியான வலதுசாரிக் கட்சியோடே சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்தது. 2015 ஜனவரியில் அதற்கு மிஞ்சியது ஐந்து சதவீதம்கூட இல்லை. அந்த ஓட்டை அள்ளியது இடதுசாரி சிரிசா. நாஜி வாடை அடித்த கோல்டன் டான் கட்சி கிரேக்க நாடாளுமன்றத் தேர்தல்களில் ஏழு சதவீதத்தைத் தாண்டவில்லை. 2020-இல் ஏதென்ஸ் நீதிமன்றம் அதைக் குற்றக் கும்பல் என்றே தீர்ப்பளித்தது. கூலி, பென்ஷன், கடன் என்று வயிற்றுப் பிரச்சினையைப் பேச ஒரு கட்சி அங்கே நின்றது, ஜனங்கள் அதன் பின்னால் போனார்கள். (அந்தக் கட்சியும் பொதுவாக்கெடுப்பில் 61 சதவீதம் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு அடுத்த வாரமே கடன் நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. அது வேறு வயிற்றெரிச்சல்.)

வயிற்றுப் பிரச்சினையைப் பேச ஆளே இல்லாத இடத்தில்தான் "உன் வேலையை எடுத்துக்கொண்டவன் இதோ பக்கத்து வீட்டில் இருக்கிறான்" என்கிறவன் ஜெயிக்கிறான். கம்பெனி ஏன் மூடியது, லாபம் எங்கே போனது, வரியை யார் கட்டவில்லை என்பதெல்லாம் சிக்கலான கணக்கு. பக்கத்து வீட்டுக்காரன் கண்ணுக்குத் தெரிகிறான், அவனுக்கு முகமும் பாஷையும் இருக்கின்றன.

இப்போது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். வடக்கத்திப் பையன்கள் குறைந்த கூலிக்கு லைனில் நிற்கிறார்கள் என்கிறீர்கள். அந்தக் கூலியை நிர்ணயித்தது அந்தப் பையனா? அவனை வரவழைத்த காண்ட்ராக்டர் யார், பி.எஃப். பிடிக்கிறார்களா, குறைந்தபட்சக் கூலி தருகிறார்களா என்று கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நானும் நிற்பேன். நீங்கள் அந்தப் பையனோடு நிறுத்திவிட்டீர்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது எவ்வளவு பேர் பயந்து ரயிலேறினார்கள் என்று நினைவிருக்கும். இங்கே பற்றிக்கொள்ளும் சருகு நிறையவே கிடக்கிறது.

இன்னொன்று. பிர்மாசென்ஸில் இழந்த வேலை எங்கே போனது? முதலில் தெற்கு ஐரோப்பாவுக்கு, பிறகு ஆசியாவுக்கு, அதில் ஒரு பங்கு உங்கள் லைனுக்கு. உங்கள் பையர் மேஜையில் சிரித்துக்கொண்டே சாம்பிளைப் பார்த்திருப்பார். ஆனால் "குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைப் பிடுங்கியவர்கள்" என்று அவர் கட்சி போடும் பட்டியலில் நீங்களும் ஒரு ஆள். அதற்குச் சாட்சி ஜெர்மனியில் தேட வேண்டாம். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆலை ஊர்களில் பழைய கட்சி கைவிட்டது என்று கசந்துபோனவர்களின் ஓட்டையும் வாங்கித்தான் டிரம்ப் 2016-இலும் 2024-இலும் அந்த மூன்று மாநிலங்களையும் பிடித்தார். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அவர் 50 சதவீத வரி போட்டபோது அந்தக் கசப்பு ஆம்பூர், ராணிப்பேட்டை ஆர்டர் புத்தகத்தில் வந்து விழுந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"யாராவது உடைத்தால்தானே" என்கிறீர்கள். உடைக்க வந்தவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். பிரான்சின் வடக்கே ஏனன்-போமோன் என்று ஒரு பழைய சுரங்க ஊர். சோஷலிஸ்ட் மேயர் 2009-இல் கைதானார், நகராட்சிப் பணத்தைக் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டார். ஊரே காறித் துப்பியது. 2014-இல் அங்கே மேயர் நாற்காலி தீவிர வலதுசாரியான லெ பென் கட்சிக்குப் போனது, 2017 முதல் மரீன் லெ பென்னே அந்தப் பகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர். திருடர்களை விரட்ட வந்தவர். 2025 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் அவரைத்தான் ஐரோப்பிய நாடாளுமன்றப் பணத்தைக் கட்சி வேலைக்குத் திருப்பியதாகக் குற்றவாளி என்றது. அவர் மேல்முறையீடு செய்தார். நெதர்லாந்தில் 2023-இல் முதலிடம் பிடித்த தீவிர வலதுசாரித் தலைவர் வில்டர்ஸ், தன் கட்சி பங்கேற்ற அரசை ஒரு வருஷம்கூட ஆகாமல் தானே கவிழ்த்தார். எல்லாரும் திருடர்கள் என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிட்டால் புதிதாக வருகிறவனை எடைபோட அவர் கையில் தராசே இருக்காது, நம் பையர் நண்பரின் சிக்கல் அதுதான்.

சரி, நம் ஊர். 2019 ஏப்ரலில் காட்பாடிப் பக்கம் 11 கோடிக்கு மேல் ரொக்கம் பிடிபட்டு வேலூர்த் தேர்தல் ரத்தானது. பணத்தைக் காரணமாக வைத்து ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலை ரத்து செய்தது இந்தியாவிலேயே அதுதான் முதல்முறை. ஆகஸ்ட் 5-இல் மறுபடி வரிசையில் நின்றோம். காஷ்மீரின் 370-ஐ நீக்கும் அறிவிப்பு வந்த அதே நாள், டிவிக்காரர்களுக்கு நம்மைப் பார்க்க நேரமில்லை. வெற்றி வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். அதனால் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் நோட்டாவைக் கொடுத்தது, ஆனால் முடிவை மாற்றும் பல்லைக் கொடுக்கவில்லை. 2024-இல் இந்தூரில் இரண்டு லட்சத்துக்கு மேல் நோட்டா விழுந்தும் ஜெயித்தவர் பத்து லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

தமிழ்நாட்டில் கசந்த ஓட்டுக்கு இதுவரை வேறு வடிகால் இருந்தது. சினிமா. 2006-இல் விஜயகாந்த் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கினார், 2011-இல் அதிமுகவோடு சேர்ந்து 29 இடம் பிடித்தார், பிறகு கரைந்துபோனார். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. அந்த ஓட்டு பக்கத்து வீட்டுக்காரன் மேல் விழாமல் ஒரு நடிகர் மேல் விழுந்தது நம் அதிர்ஷ்டம். தோல் ஷாப் முதலாளி ஒரு மதம், தொழிலாளி இன்னொரு மதம், நடுவே சாதி என்று இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி மாதிரியான ஊர்களில் அந்த அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை நாள் இருப்பது என்பதுதான் என் கவலை.

பாலாற்றைப் பற்றி எழுதினீர்கள். அந்த ஒரு விஷயத்தில் கோபம் சரியான முகவரிக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. இன்று நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். 2025 ஜனவரியில் அதே விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது என்பதும் உண்மை. முப்பது வருஷம் ஓடியும் விவசாயிக்கு முழு நியாயம் கிடைக்கவில்லை. வெறுப்பு ஏன் வராது? வரும். ஆனால் அதில் எதிராளி யார், கேட்பது என்ன என்று தெளிவாக இருந்தது. யாரையும் ஊரைவிட்டு ஓடச் சொல்லவில்லை.

பெரிய கட்சிகள்மேல் எனக்கு உள்ள பெரிய கோபம் பண விநியோகம்கூட இல்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. புதிதாகப் பிரித்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஆம்பூர் நகராட்சிக்கும் வேலூர் மாநகராட்சிக்கும் 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல், சாக்கடை அடைத்தால் போய்ச் சண்டை போட ஒரு கவுன்சிலர் கிடையாது, தனி அலுவலர்தான். இதை எந்தக் கட்சியும் உயிர் போகிற பிரச்சினையாக எடுக்கவில்லை. நாமும் எடுக்கவில்லை. அரசியல்வாதி என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கவரோடு வருகிறவர் என்று ஒரு தலைமுறைக்கே பழகிப்போனது இப்படித்தான்.

நோட்டா போடலாமா என்றால், போடுங்கள், அது உங்கள் உரிமை. அதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகாமல் இருந்தால் எனக்குப் புகாரில்லை. நகர்ப்புற வார்டு கமிட்டி, ஏரியா சபைகளுக்கான விதிகள் 2022-இலேயே வந்துவிட்டன. உங்கள் வார்டில் ஏரியா சபை கடைசியாக எப்போது கூடியது, வார்டு கமிட்டியில் யார் யார் உறுப்பினர்கள் என்று நகராட்சியில் விசாரித்துப் பாருங்கள். பதில் சொல்லாமல் அலைக்கழித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான். என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுதுங்கள், இதே பகுதியில் போடுகிறேன்.