ஒரே மெட்டு, ஒவ்வொரு சுற்றும் வேறு

கேள்வி: இணையத்தில் அயர்லாந்து நாட்டுப்புற பிடில் இசை கேட்டேன். துண்டு மெட்டு ஒன்றையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். மனோதர்மத்துக்கு இடமே இல்லை. கை வேகத்தைத் தவிர இதில் என்ன கலை இருக்கிறது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேகத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டீர்கள்!

ஐரிஷ் மெட்டு சிறியது என்பது உண்மை. எட்டெட்டுத் தாளக்கட்டுகள் கொண்ட இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று. 'ரீல்' என்ற நடன மெட்டு வகையில், ஆட்ட வேகத்தில் ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆடுகிறவர்களின் கால்களுக்காக அமைந்த அளவு அது. அந்த இடத்துக்குள்தான் கலைஞர் தன்னைக் காட்டியாக வேண்டும்.

நீண்ட சுரம் ஒன்று வருகிறது. முதல் சுற்றில் அதை இழுத்து அப்படியே நிற்க விடுவார். அடுத்த சுற்றில் மேல் சுரத்தையும் கீழ்ச் சுரத்தையும் தொட்டுத் தொட்டு மீண்டு, அதையே ஐந்து சுரங்களாக உருட்டுவார். இதற்கு 'ரோல்' என்று பெயர். இன்னொரு முறை மணிக்கட்டைச் சொடுக்கி, அதே இடத்தில் வில்லால் மூன்று குறுந்தெறிப்புகளை வைப்பார். எந்தச் சுரத்தில் வில்லைத் திருப்புவது, எதை அழுத்துவது, எதைத் தொட்டும் தொடாமலும் விடுவது என்பதெல்லாம் அந்தக் கணத்தின் முடிவு. மனோதர்மம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மெட்டு மாறாமல் நிற்பதால்தான் இந்த மாற்றங்கள் காதில் விழுகின்றன.

அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்த பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா போனவர். 1920களிலும் 30களிலும் நியூயார்க்கில் அவர் பதிவு செய்த இசைத்தட்டுகளைக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் ஒரே மெட்டைச் சுற்றுக்குச் சுற்று எப்படி வேறாக்குகிறார் என்பதை நாள் முழுக்கக் கேட்கலாம். அந்தத் தட்டுகள் கடல் கடந்து ஊர் திரும்பியபோது இளைஞர்கள் அவரையே நகலெடுத்தார்கள். பல ஊர்களின் சொந்த வில்வீச்சு மங்கியது. இதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. ஆனாலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. அயர்லாந்தின் டொனிகால் பகுதியின் அழுத்தமான, வெட்டி வெட்டி வாசிக்கும் வில் இன்றும் தனியாகத் தெரிகிறது.

கிழக்கு கிளேர் பகுதியோ நிதானத்துக்கும் ஏக்கத்துக்கும் பெயர் பெற்றது. 1962இல் பிறந்த பிடில் கலைஞர் மார்ட்டின் ஹேய்ஸ் அந்த மண்ணின் பிள்ளை. துல்லா கெய்லி என்ற புகழ்பெற்ற நடன இசைக்குழுவை நடத்திய பி. ஜோ ஹேய்ஸ்தான் அவருடைய தந்தை. ஆட்டத்துக்கு வாசித்த குடும்பத்தில் வந்தவர், ஆட்ட மெட்டின் வேகத்தைக் குறைத்து அதற்குள் ஒளிந்திருந்த துயரத்தை வெளியே கொண்டுவந்தார். கிதார் கலைஞர் டெனிஸ் காஹில் பக்கத்தில் அமர்ந்து, மிகச் சில சுரங்களால் அவருக்கு இடம் விட்டு வாசித்தார். வேகமே கலை என்றால் ஹேய்ஸை எங்கே வைப்பீர்கள்?

சியாட்டிலில் இருவரும் வாசித்த கச்சேரி 1999இல் இசைத்தட்டாக வந்தது. அதில் மெட்டுக்கு மெட்டு நிற்காமல் தாவி, ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும் தொகுப்பு ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் தாளமும் இல்லை, வேகமும் இல்லை. பிடில் தயங்கித் தயங்கிப் பேசுகிறது. உங்கள் கேள்வியை அங்கிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.