அரை ஏக்கர் தேயிலையும் துபாய் விசாவும்

கேள்வி: கோத்தகிரி அருகே எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த மகனுக்குத் துபாயில் கிடங்கு வேலை, மாதம் 1,500 திர்ஹாம் சம்பளம் என்று சொல்லி ஓர் ஏஜென்ட் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போகவேண்டுமாம். தோட்டத்தை அடகு வைக்கலாமா? இலங்கையிலிருந்து திரும்பிய என் மாமனார் கூடாது என்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனாரின் அச்சத்தைக் கிழவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களின் முன்னோர், ஆள் சேர்த்து அழைத்துச்சென்ற கங்காணியிடம் பட்ட கடனோடுதான் இலங்கைத் தோட்டங்களில் கால்வைத்தார்கள். அந்தக் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறியிருக்கும். அதை அடைக்க ஒருவர் முன்வந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆனால் கடன்பட்டுப் போகிறவன், சம்பளம் குறைந்தாலும் மேலாளர் ஏசினாலும் திரும்பி வர முடியாமல் தவிப்பது இன்றும் மாறவில்லை.

ஆகவே, ஒன்றரை லட்சத்துக்காகத் தோட்டத்தை அடகு வைக்கவேண்டாம். நம் நாட்டு விதிப்படி, பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது அதிகபட்சம் 35,400 ரூபாய்தான். அதற்கு ரசீதும் தரவேண்டும். ஐக்கிய அரபு அமீரகச் சட்டமோ, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்கிறது. ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். அகப்பட்டால் நாடு கடத்தப்படுவது உங்கள் மகன்தான், ஏஜென்ட் அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: பத்தாம் வகுப்புத் தேறியவர்களின் பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் முன்அனுமதி தேவைப்படும் ‘இசிஆர்’ வகையில் வராது என்பதால், புறப்படுமுன் அரசு அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தரும் கட்டமும் உங்கள் மகனுக்கு இல்லை. படித்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமற்போவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. அந்தச் சோதனையை நீங்களேதான் செய்தாகவேண்டும்.

வேலைக்கான அனுமதியும் ஒப்பந்தமும் கைக்கு வந்தபின், 1,500 திர்ஹாமில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பணி முடிந்து திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில்தான் வரும். அடிப்படை 700 என்று எழுதியிருந்தால் அந்த 700க்குத்தான் கணக்கு. தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையை நம்பி ஓர் இளைஞனை மலையிலேயே இருத்திவைக்க நான் சொல்லமாட்டேன். சென்னை கிண்டியில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் மகன் முதலில் பதிவு செய்துகொள்ளட்டும். தோட்டப் பத்திரம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.