மகளுக்கு இந்தப் பரீட்சை எதற்காக? தரம் 5 புலமைப்பரிசில் குறித்து ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை வெள்ளவத்தையில் என்னைச் சந்தித்தபோது, மகள் எழுதிய மாதிரி வினாத்தாள்களை ஒரு கோவை நிறையக் கொண்டுவந்திருந்தீர்கள். அவற்றில் ஒன்றில், விடை எழுதும் இடம் அழிறப்பரால் தேய்ந்து தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மங்கலாகத் தெரிந்த எழுத்தைக் கூர்ந்து பார்த்தேன். அவள் முதலில் எழுதிய விடைதான் சரி. பிழைத்துவிடுமோ என்ற பயத்திலேயே அதை அழித்து வேறொன்றை எழுதியிருக்கிறாள். இன்னும் எந்த டியூஷன் வகுப்பில் சேர்ப்பது என்று கேட்டீர்கள். அதற்கு முன்னர், இந்தப் பரீட்சை உங்கள் மகளுக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும்.

இலங்கையில் தரம் 5 பிள்ளைகள் எழுதும் இந்தப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களின் திறமையான பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குவது ஒன்று. தரம் 6இல் வேறொரு பாடசாலைக்குச் செல்ல வழி திறப்பது மற்றையது. தரம் 5 உடன் முடிவடையும் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கும், உதவிப்பணம் உண்மையாகவே தேவைப்படும் குடும்பத்துக்கும் இது மிக முக்கியமான பரீட்சை. அவர்களிடம் இதனை இலேசாக எடுத்துக்கொள்ளுமாறு நான் ஒருபோதும் சொல்வதில்லை. ஆனால் உங்கள் மகள் படிக்கும் பாடசாலையில் உயர்தரம் வரை வகுப்புகள் உள்ளன. வெட்டுப்புள்ளியை, அதாவது தகுதி பெறத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியை, எட்டாவிட்டாலும், அடுத்த ஆண்டு அவள் அதே தோழிகளுடன் அதே பாடசாலையில் தரம் 6இல் இருப்பாள். வேறு பாடசாலைக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், அங்கு தமிழ்மொழிமூலத்துக்கான வெட்டுப்புள்ளியை மட்டும் பாருங்கள். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சென்ற ஆண்டின் எண்ணை ஓர் அண்ணளவாகவே கொள்ள வேண்டும். காலையும் மாலையும் கொழும்பின் காலி வீதி நெரிசலில் அவள் கழிக்கவேண்டிய நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆயத்தம் பற்றி. முதலாம் வினாத்தாளில் 40 நுண்ணறிவு வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். அண்மைய ஆண்டுகளில் இரண்டாம் வினாத்தாளே முதலில் வழங்கப்படுவதால், ஏற்கெனவே களைத்துவிட்ட பிள்ளைதான் அந்த நுண்ணறிவு வினாக்களைச் சந்திக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் டியூஷனுக்குச் சென்று இரவு பத்தரை மணிக்குப் படுக்கும் பிள்ளையால் அந்த இரண்டாவது அமர்வில் நிதானமாகச் சிந்திக்க முடியாது. ஆகவே இரண்டு வகுப்புகளையேனும் நிறுத்திவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, காலை வேளையில், கடிகாரத்தை முன்னால் வைத்து, இரண்டு தாள்களையும் பரீட்சையில் வரும் ஒழுங்கிலேயே எழுதவையுங்கள். திருத்தும்போது புள்ளியைக் கூட்ட வேண்டாம். பிழைத்த வினாக்களை மட்டும் எடுத்து, "இந்த விடைக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருங்கள். வினாவைச் சரியாக வாசிக்காததால் வந்த பிழை எது, தெரியாததால் வந்த பிழை எது என்பது அப்போது உங்கள் இருவருக்குமே புலப்படும். என் அனுபவத்தில் முதல் வகைப் பிழையே அதிகம், அதை எந்தக் கருத்தரங்கும் திருத்துவதில்லை.

பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை (பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாகச் சீராக்கிய புள்ளியை) கொண்டே தீர்மானிக்கப்படுகிறது; பத்து வயதில் எடுத்த புள்ளியை அங்கே எவரும் கேட்பதில்லை. இதை மகளுக்கு நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால்தான் அவள் நம்புவாள்.

அடுத்த சந்திப்புக்கு அந்தக் கோவை வேண்டாம். அழிறப்பரைக் கையில் கொடுக்காமல் அவள் எழுதிய ஒரேயொரு வினாத்தாளை, நீங்கள் திருத்தாமல் அப்படியே கொண்டுவாருங்கள். மூவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.