நோய்களுக்குக் குறியீடு: கேளுங்கள், சொல்கிறேன்

பெங்களூரில் ஆஸ்பத்திரி மென்பொருள் வேலை, அதிலும் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு, அதாவது அடையாள எண், கொடுக்கும் நோய்ப்பெயர்ப் பட்டியல்கள்தான் என் பகுதி. போன வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கே: அக்கா, எங்கள் கிளினிக் ஆப்பில் நோயாளி சொல்வதை அப்படியே டைப் செய்கிறோம். தேடினால் கிடைக்கிறதே, குறியீடு எதற்கு?

'சளி' என்று தேடிப் பாருங்கள். ஜலதோஷக்காரரும் வருவார், சளிப் பரிசோதனைக்குக் கொடுத்தவரும் வருவார். ஒரு குறியீட்டுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், சொற்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். 1998இல் ஜேம்ஸ் சிமினோ என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட பட்டியல்களுக்கு 12 விதிகள் எழுதினார், இது அதில் ஒன்று.

கே: எண்ணைப் பார்த்ததும் எந்த வகை நோய் என்று தெரிந்தால் வசதிதானே?

முதலில் வசதிதான், அப்புறம் அதுவே கட்டிப்போடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இல் நுரையீரல் காசநோய் ஏ15, ஏ16, அதாவது தொற்றுநோய் அத்தியாயம். சுவாச நோய்களுக்கான ஜே அத்தியாயத்தை மட்டும் எண்ணினால் இந்தக் காசநோயாளிகள் வர மாட்டார்கள். இன்னொரு பன்னாட்டு மருத்துவச் சொல் பட்டியலான ஸ்னோமெட் சிடியில் மாரடைப்பு 22298006, எண்ணில் எந்த அர்த்தமும் இல்லை. அதனால்தான் ஒரு நோயை இரண்டு மூன்று வகைகளின் கீழ் வைக்க முடிகிறது.

கே: பட்டியலில் இல்லாததற்கு 'இதர' என்று ஒன்று வைக்கலாமா மேடம்?

தயவுசெய்து வேண்டாம். ஹெபடைடிஸ் சி வைரஸை 1989இல்தான் அடையாளம் கண்டார்கள். அதுவரை 'இதர'வில் கிடந்த நோய் தனிக் குறியீடு பெற்றதும், 'இதர'வின் பொருளே மாறிவிடுகிறது, பழைய பதிவையும் புதிய பதிவையும் சேர்த்து எண்ணவே முடியாது.

கே: பயன்படாத பழைய குறியீடுகளை அழித்துவிடலாமா?

கூடவே கூடாது. நான் போன ஒரு லேபில், நிறுத்திய டெஸ்ட்டின் எண்ணைப் புது டெஸ்ட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். பழைய ரிப்போர்ட்டைத் திறந்தால் புது டெஸ்ட்டின் பெயர், அதன் கீழே பழைய அளவு! அதை நம்பி ஒரு டாக்டர் மருந்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'இனிப் பயன்படுத்தாதே' என்று குறித்து வையுங்கள், எண் அப்படியே இருக்கட்டும்.

கே: நாங்களே ஒரு பட்டியல் போடலாமா?

எதற்கு? 2014 முதல் இந்தியா ஸ்னோமெட் உறுப்பு நாடு, இங்கே இலவச உரிமம் கிடைக்கிறது. லேப் டெஸ்ட்டுக்கு லாயின்க் என்ற பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. உங்கள் உழைப்பை ஊர்ச்சொற்களில் போடுங்கள்: நம்மவர் சொல்லும் 'சுகர்', கன்னடக்காரர் சொல்லும் 'சக்கரெ காயிலெ' இரண்டையும் நீரிழிவுக்கான ஸ்னோமெட் எண் 73211009இல் சேருங்கள்.